நீல வானத்தை நம்பாதீர்கள்: வெப்பமண்டலத் தீவுகளில் கோடைக் கடலையும் வானிலையையும் எதிர்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

2022 ஜூலை மாத நடுவில் ஹவாய்த் தீவுகளின் தென்கரைகளைப் பேரலைகள் தாக்கின. ஹவாய்ப் பெருந்தீவின் கோனா கரையில் இரண்டு மாடிக் கட்டடங்களின் கூரையைத் தாண்டிக் கடல்நீர் எழுந்து விழுந்தது. கடலோரம் நடக்கவிருந்த ஒரு திருமண விருந்தின் மேசை நாற்காலிகளை அலை வாரிச் சுருட்டியது. அந்த அலைகளின் பிறப்பிடம் ஹவாய் அல்ல. பூமியின் தென்பாதியில், குளிர்காலக் கடலில், பல நாட்களுக்கு முன்பே அவை கிளம்பிவிட்டன.

தீவுக்குப் போகிறவர்கள் காலையில் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்க்கிறார்கள். நீலமாக இருந்தால் கடலில் இறங்குகிறார்கள். தலைக்கு மேலிருக்கும் வானம் அங்கே நல்ல சாட்சி அல்ல என்பதைத்தான் இந்த வழிகாட்டி முழுவதும் சொல்லப்போகிறேன். அலை வருவது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து. ஓடையில் வெள்ளம் வருவது கண்ணுக்குத் தெரியாத மலையுச்சியிலிருந்து. எனவே தீவில் பாதுகாப்பு என்பது தூரத்தைப் படிக்கும் பழக்கம்.

முதல் படி: எந்தக் கடல், எந்த மாதம், எந்தப் பக்கம்

‘கோடை’ என்ற சொல் பயணிகளை எளிதில் ஏமாற்றிவிடும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் தீவுகளின் கோடையும் தெற்கே இருக்கும் தீவுகளின் கோடையும் ஆறு மாத இடைவெளியில் வருகின்றன. கரீபியன் தீவுகளுக்கும் பஹாமாஸுக்கும் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஹவாய் இருக்கும் மத்திய பசிபிக்குக்கும் அதே தேதிகள்தாம். மொரீஷியஸ், ரீயூனியன், ஃபிஜி, வனுவாட்டு ஆகியவற்றுக்கு ஏறத்தாழ நவம்பர் முதல் ஏப்ரல் வரை. வங்கக் கடலும் அரபிக் கடலும் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படுவதில்லை. பருவமழைக்கு முன் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு முறையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு முறையும் அங்கே புயல் உருவாகும். பயணச்சீட்டு எடுக்கும் முன்பே பார்க்க வேண்டிய தகவல் இது.

அடுத்தது தீவின் பக்கங்கள். மலையுள்ள தீவில் காற்று மோதும் பக்கம் ஈரமாகவும் பசுமையாகவும் இருக்கும். மலை மறைக்கும் மறுபக்கம் வறண்டும் அமைதியாகவும் இருக்கும். விடுதிகள் பெரும்பாலும் அந்த அமைதியான பக்கத்தில்தான் கட்டப்படுகின்றன. ஆனால் அலைக்கு வேறு கணக்கு. ஹவாயில் பெரிய அலைகள் குளிர்காலத்தில் வடகரையைத் தாக்கும். கோடையில் வடகரை குளம்போல் கிடக்க, தென்கரை கொந்தளிக்கும். போன முறை பாதுகாப்பாக நீந்திய அதே இடம் வேறொரு மாதத்தில் உயிரைக் குடிக்கும்.

இரண்டாம் படி: அலையின் உயரத்தோடு அதன் காலத்தையும் படியுங்கள்

கடல் முன்னறிவிப்பில் மூன்று எண்கள் இருக்கும்: அலை உயரம், அலைக்காலம், அலை வரும் திசை. எல்லோரும் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முக்கியம்.

ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வருவதற்கு ஆகும் நேரமே அலைக்காலம். உள்ளூர்க் காற்று எழுப்பும் அலைக்கு அது 5 முதல் 8 நொடிகள். தொலைதூரப் புயலிலிருந்து வரும் அலைக்கு 14 முதல் 20 நொடிகள் வரை இருக்கும். இதை ஸ்வெல் என்கிறார்கள். எட்டு நொடி அலையின் நீளம் ஆழ்கடலில் ஏறத்தாழ 100 மீட்டர். இருபது நொடி அலைக்கு 600 மீட்டருக்கும் அதிகம். தன் நீளத்தில் பாதி ஆழம் வந்ததும் அலை கடலடியை உணரத் தொடங்கும் என்பதால், நீண்ட ஸ்வெல் 300 மீட்டர் ஆழத்திலேயே தரையைத் தொட்டு, வேகம் குறைந்து, உயர்ந்துகொண்டே வருகிறது. அதனால்தான் நடுக்கடலில் படகில் இருப்பவருக்கு ஒரு மீட்டர் ஏற்ற இறக்கமாகத் தெரியாமலே கடந்துபோகும் அலை, பவளப்பாறை விளிம்பில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிறது.

இந்த அலைகள் எவ்வளவு தூரம் போகும் என்பதை வால்டர் மங்க் என்ற கடலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1963-இல் அளந்தார்கள். தென்பெருங்கடலில் புறப்பட்ட அலைகளை நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை, பசிபிக் முழுவதும் அமைத்த நிலையங்களில் பின்தொடர்ந்தார்கள். இருபது நொடி ஸ்வெல் மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. எட்டாயிரம் கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஆறு நாள் போதும். இந்த ஆறு நாளில்தான் நமக்கு நன்மை ஒளிந்திருக்கிறது: வரப்போவதை முன்கூட்டியே கணிக்க முடிகிறது.

இந்தியப் பெருங்கடலிலும் இதே கதைதான். 2007 மே மாதத்தில் தெற்கே எழுந்த ஸ்வெல் முதலில் ரீயூனியனைத் தாக்கியது. சில நாட்கள் கழித்து மாலத்தீவில் பல தீவுகளுக்குள் கடல்நீர் புகுந்தது. காற்றும் மழையும் இல்லாமல் திருடனைப்போல வந்து நிலத்தில் ஏறும் இந்தக் கடலுக்குக் கேரள மீனவர்கள் வைத்த பெயர் ‘கள்ளக்கடல்’. இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த அறிவியல் நூலிலும் நான் பார்த்ததில்லை. ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையம் இன்று அதே பெயரில் எச்சரிக்கை வெளியிடுகிறது.

எண்களைப் படிக்கும்போது இன்னும் இரண்டு செய்திகளை மனத்தில் வையுங்கள். முன்னறிவிப்பில் வரும் அலை உயரம், அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. இரண்டு மீட்டர் என்று போட்டிருந்தால், அந்த நாளில் நான்கு மீட்டரை நெருங்கும் ஓர் அலையும் வரலாம். அடுத்தது ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் உயரும். அந்த உயர் ஓத நேரமும் ஸ்வெல்லின் உச்சமும் ஒன்றாக அமைந்தால், வழக்கமாக அலை தொடாத சாலையையும் வாகன நிறுத்தத்தையும் நீர் தொடும். ஓத அட்டவணையைப் பார்க்காமல் கடலோரப் பாறையில் நடைபயணம் போகவே கூடாது. போகும்போது இருந்த வழி திரும்பும்போது நீருக்கடியில் இருக்கும்.

மூன்றாம் படி: கரையில் இருபது நிமிடம்

நீரில் இறங்கும் முன் இருபது நிமிடம் கடலைப் பார்த்து நில்லுங்கள். குழந்தைகள் இழுப்பார்கள், வெயில் சுடும், பொறுமை போகும். ஆனாலும் நில்லுங்கள். ஸ்வெல் அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஐந்தாறு பெரிய அலைகள் வந்துபோனபின் பத்து, பதினைந்து நிமிடம் கடல் சாதுவாகக் கிடக்கும். அந்த இடைவெளியில் கரைக்கு வந்தவர் ‘இன்று கடல் அமைதி’ என்று முடிவு செய்துவிடுகிறார். அவர் கழுத்தளவு நீரில் நிற்கும்போது அடுத்த கூட்டம் வருகிறது.

பார்க்கும்போது இவற்றைத் தேடுங்கள். அலை உடையும் வெள்ளைக் கோட்டில் ஓரிடத்தில் மட்டும் நுரை இல்லாமல் நீர் கறுத்து, தட்டையாக இருக்கிறதா? அதுதான் இழுப்பு நீரோட்டம். அங்கே அலை உடையாததால் நீந்த ஏற்ற இடம்போல் தோன்றும். மணல் கலங்கிய நீரோ மிதக்கும் சருகோ கடலை நோக்கிப் போனாலும் அதே அடையாளம். அலை ஆழத்தில் உடைந்து நுரையாக உருண்டு வருகிறதா, அல்லது கரையோரத்திலேயே எழுந்து மணலில் செங்குத்தாக அறைகிறதா? இரண்டாவது வகை முழங்கால் உயரமே இருந்தாலும் ஒருவரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கழுத்தெலும்பையும் முதுகுத்தண்டையும் உடைத்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இதில் தப்புவதில்லை, ஏனென்றால் அங்கே நீச்சலுக்கே இடமில்லை. பாறைகள் ஈரமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஈரப்பாறை என்றால் சற்றுமுன் அலை அங்கே வந்திருக்கிறது.

பிறகு உயிர்காப்பாளரிடம் போய்ப் பேசுங்கள். அந்தக் கரையில் அன்றைய நீரோட்டம் எங்கே என்பது அவருக்குத் தெரியும். உயிர்காப்பாளர் இல்லாத கரையில், ஆளில்லை என்பதே இறங்காமல் இருக்கப் போதுமான காரணம் என்பது என் உறுதியான கருத்து.

நான்காம் படி: நீருக்குள்

இழுப்பு நீரோட்டம் யாரையும் கீழே இழுக்காது. கடலை நோக்கி நகர்த்தும். வேகம் நொடிக்கு 2.4 மீட்டர் வரை போகலாம். அந்த வேகத்தை எதிர்த்து உலகின் மிக வேகமான நீச்சல் வீரராலும் முன்னேற முடியாது. ஆகவே கரையை நோக்கி நீந்தாதீர்கள். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். ஒரு கையை உயர்த்தி ஆட்டுங்கள். மணல் கரையாக இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அந்த அலைகளின் தள்ளலோடு திரும்புங்கள்.

பவளப்பாறை சூழ்ந்த தீவில் இந்தப் பாடம் சற்று மாறும். அலைகள் பாறையைத் தாண்டி உள்ளே கொட்டும் நீர் வெளியேற ஒன்றிரண்டு கால்வாய்களே உண்டு. அலை பெரிதாக இருக்கும்வரை அந்தக் கால்வாய் ஓர் ஆற்றைப்போல் கடலுக்குள் ஓடும். அங்கே அவசரப்பட்டுப் பக்கவாட்டில் நீந்தினால் அலை உடையும் பாறை விளிம்பில் போய்ச் சிக்குவீர்கள். வெளியே போய் நீரோட்டம் தளரும்வரை மிதந்து, உதவிக்குக் காத்திருப்பது நல்லது. கால்வாய் எங்கே என்று இறங்கும் முன்பே கேட்டு, அதிலிருந்து விலகி நீந்துவது அதைவிட நல்லது.

ஒருவர் சிக்கிக்கொண்டதைப் பார்த்தால் வெறுங்கையோடு பின்னால் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவர் மூழ்குவது திரும்பத் திரும்ப நடக்கிற துயரம். மிதவை, பந்து, மூடிய காலி பிளாஸ்டிக் கேன் எதையாவது வீசுங்கள். ஒருவரை உதவி அழைக்க அனுப்பிவிட்டு, சிக்கியவர் மீதிருந்து கண்ணை எடுக்காமல் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே நில்லுங்கள்.

காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் கரையில் நீர் கண்ணாடிபோல் இருக்கும். காற்றடைத்த மிதவைப் படுக்கையை அங்கே எடுத்துச் செல்லவே கூடாது. ஐம்பது மீட்டர் தள்ளிப்போனபின் அதிலிருப்பவரால் கையால் துழாவித் திரும்ப முடிவதில்லை. துடுப்புப் படகுக்காரர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை: இரண்டு தீவுகளுக்கு நடுவிலுள்ள கால்வாயில் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கும். தீவின் மறைவில் அமைதியாகக் கிளம்பி முனையைத் திரும்பியதும் வெள்ளை நுரை முகடுகள் கடலெங்கும் தெரிந்தால், யோசிக்காமல் திரும்பிவிடுங்கள்.

சொறிமீன்களுக்கும் நாள்கணக்கு உண்டு. ஹவாயின் வைகிகி போன்ற தென்கரைகளுக்குப் பெட்டிச் சொறிமீன்கள் பௌர்ணமி கழித்து 8 முதல் 10 நாட்களில் கூட்டமாக வருகின்றன. கொட்டினால் வினிகரை ஊற்றி, ஒட்டியிருக்கும் இழைகளைக் கவனமாக எடுத்து, தாங்கக்கூடிய சூட்டில், அதாவது ஏறத்தாழ 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடமாவது வைத்திருங்கள். மணலால் தேய்ப்பது வலியைக் கூட்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே மருத்துவமனை.

ஐந்தாம் படி: வெயில்

வெப்பமண்டலத்தில் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது. நட்டுவைத்த கம்பத்துக்கு அன்று நண்பகலில் நிழலே இருக்காது. அந்த நாட்களைச் சுற்றிய வாரங்களில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டி, ‘அதிதீவிரம்’ என்ற படியில் நிற்கும். மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. கடல் நுரையும் வெண்மணலும் கீழிருந்து திருப்பி அடிக்கின்றன. காலை 10 முதல் மாலை 4 வரை முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் எந்த வெயில்காப்புப் பூச்சையும்விடச் சிறந்தவை. பூச்சு வாங்குவதாக இருந்தால் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் இல்லாததாகப் பாருங்கள். பவளங்களுக்குத் தீங்கு என்று ஹவாய் 2021 தொடக்கத்திலிருந்து அவற்றின் விற்பனைக்குத் தடை விதித்திருக்கிறது.

வெயிலைவிட ஈரப்பதம் கொடியது. 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் உடலுக்கு அது 41 டிகிரிபோல இருக்கும். வியர்வை ஆவியாக வழியில்லை. வழக்கமாகத் தீவைக் குளிர்விக்கும் காற்று நின்றுபோகும் நாட்களில் கவனம் கூடுதலாக வேண்டும். ஒருவர் தடுமாறிப் பேசினாலோ, குழம்பினாலோ, மயங்கினாலோ அது வெப்பத்தாக்கு. அவசர உதவியை அழைத்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஆறாம் படி: மலை மழையும் காய்ந்த புல்லும்

உயர்ந்த மலையுள்ள தீவுகள் மேகத்தைப் பிழிந்தெடுக்கின்றன. 24 மணி நேர மழைக்கான உலகச் சாதனை ரீயூனியன் தீவின் ஃபாக்-ஃபாக்கில் பதிவானது: 1966 ஜனவரி 7, 8 தேதிகளில் 1,825 மில்லிமீட்டர். இத்தகைய மலைகளிலிருந்து இறங்கும் ஓடைகள் குறுகியவை, செங்குத்தானவை. மேலே கொட்டிய மழை சில நிமிடங்களில் அருவியடிக்கு வந்துவிடும், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே. நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலே உறுமல் கேட்டாலோ, பையை எடுக்க நிற்காமல் மேடேறுங்கள். ஓடையைக் கடந்து போன பிறகு நீர் உயர்ந்துவிட்டால் மறுகரையிலேயே காத்திருங்கள். முழங்கால் அளவு வேகநீர் ஓர் ஆளை வீழ்த்தும்.

மலையின் மறுபக்கத்தில் ஆபத்து தலைகீழாகிறது. 2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாயின் மாவி தீவிலுள்ள லஹைனா நகரம் எரிந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது வடக்கே வலுவான உயர் அழுத்தம் நின்றது; தெற்கே, பல நூறு கிலோமீட்டர் தள்ளி, டோரா சூறாவளி கடந்துகொண்டிருந்தது. இடைப்பட்ட அழுத்த வேறுபாட்டில் மலையிறங்கிய காற்று காய்ந்த புல்லின்மேல் பாய்ந்தது. பலர் உயிர் தப்பக் கடலில் குதித்தார்கள். வறண்ட பக்கத்தில் தங்கினால், வெளியேற இரண்டு வழிகளை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். காட்டுத்தீக்கான சிவப்பு எச்சரிக்கை உள்ள நாளில் புகை வாசம் வந்தால் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஏழாம் படி: புயல்

கடல் மேற்பரப்பு 26.5 டிகிரிக்கு மேல் சூடேறியிருக்கும் காலமே புயல் காலம். காற்று மணிக்கு 119 கிலோமீட்டரை எட்டினால் முதல் வகைச் சூறாவளி, 252-ஐ எட்டினால் ஐந்தாம் வகை. ஆனால் வகை எண் காற்றை மட்டுமே சொல்கிறது. மழையையும், புயல் கரைமேல் தள்ளும் கடல்நீரின் எழுச்சியையும் சொல்வதில்லை. 2019 செப்டம்பரில் பஹாமாஸைத் தாக்கிய டோரியன், கிராண்ட் பஹாமா தீவின் மேல் ஒரு நாளுக்கும் அதிகமாக ஏறக்குறைய நகராமல் நின்றது. நின்று பெய்ததும் நின்று அடித்ததும்தான் அதன் கொடுமை. எனவே புயல் நகரும் வேகத்தையும் அறிவிப்பில் பாருங்கள்.

வரைபடத்தில் விரிந்துகொண்டே போகும் கூம்பு, புயலின் மையம் போகக்கூடிய எல்லையை மட்டும் காட்டுகிறது. கூம்புக்கு வெளியே இருப்பவருக்கும் பேரலையும் பெருமழையும் வரும். அலையோ புயலுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே வந்துவிடும். வடபாதியில் புயல் போகும் திசைக்கு வலப்பக்கமும் தென்பாதியில் இடப்பக்கமும் காற்று கடுமையாக இருக்கும்.

தாக்குவதற்கு 72 மணி நேரம் முன்பே விமானத்தில் கிளம்ப முடிந்தால் கிளம்பிவிடுங்கள். தீவுக்குத் தரைவழி இல்லை. விமான நிலையமும் துறைமுகமும் காற்று வரும் முன்பே மூடிவிடும். தங்குவதென்றால், தாழ்ந்த பவளத்தீவில் மேடு என்று ஒன்று இருக்காது. கான்கிரீட் கட்டடத்தின் மேல்தளமே மேடு. மலைத்தீவில் கடலோரத்தையும் ஓடைக்கரையையும் சரிவின் அடிவாரத்தையும் ஒருசேரத் தவிர்க்க வேண்டும். தண்ணீர், மருந்து, டார்ச், பேட்டரி வானொலி, ரொக்கப் பணம், நீர் புகாத உறையில் அடையாள ஆவணங்கள் ஆகியவற்றைக் குறைந்தது இரண்டு வாரக் கணக்கில் திட்டமிடுங்கள். பெருநிலத்தில் மூன்று நாள் போதும் என்பார்கள். தீவுக்கு எல்லாம் கப்பலில் வர வேண்டும், கப்பல் வரத் துறைமுகம் சீராக வேண்டும்.

புயலின் நடுவே காற்று சட்டென்று நின்றால் அது கண் கடக்கிறது என்று பொருள். வெளியே போகாதீர்கள். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து முழு வேகத்தில் மீண்டும் வீசும்.

எட்டாம் படி: புயலுக்குப் பின்

2017 செப்டம்பர் 20 அன்று போர்ட்டோ ரிக்கோவைக் கடந்த மரியா சூறாவளிக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இறப்பு 64. அடுத்த சில மாதங்களையும் சேர்த்து ஆராய்ந்தபின் 2,975 என்று அரசு ஏற்றுக்கொண்டது. மின்சாரம் இல்லாத மருத்துவக் கருவிகளும், கிடைக்காத மருந்துகளும், அடைந்த சாலைகளும் காற்றைவிட அதிகம் பேரைக் கொண்டுபோயின. இன்சுலின் போடுபவர், டயாலிசிஸ் செய்பவர், ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர் உங்களோடு இருந்தால், முதலில் வெளியேற வேண்டியவர்கள் அவர்களே. ஜெனரேட்டரை ஒருபோதும் வீட்டுக்குள்ளோ ஜன்னலருகிலோ ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு மணமில்லை. அறுந்து கிடக்கும் கம்பி எதையும் உயிருள்ள மின்கம்பியாகவே நினையுங்கள்.

கடல் மீண்டும் அழைக்கும். நீர் பழுப்பாக இருக்கும்வரை இறங்க வேண்டாம். கழிவுநீர், செத்த விலங்குகள், முறிந்த மரம், ஆணியடித்த பலகை எல்லாம் அதில் மிதக்கும். கலங்கிய ஆற்றுவாயில் சுறாக்களும் உலவும். மழை ஓய்ந்து மூன்று நாளாவது கழியட்டும். நீர் தெளிந்த பிறகும், மணல்திட்டுகள் இடம் மாறியிருக்கும், பழைய நீரோட்டம் புதிய வழியில் ஓடிக்கொண்டிருக்கும். பத்தாண்டுகளாக நீந்திய கரையாக இருந்தாலும், அன்று முதல் முறை வந்தவரைப்போல இருபது நிமிடம் நின்று பாருங்கள்.